வம்ச வரலாற்றில் நமக்கும் ஓர் இடம்

(நமது மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயா அளித்த தேவசெய்தி)





முதலாவது ஒன்றை உங்கள் முன் ஒத்துக்கொள்ளுகிறேன். வார்டில் காலை ஜெபத்திற்கு மத்தேயு முதல் அதிகாரம் வந்தால், பல வருஷங்களாக 17 வசனங்களைத் தாண்டி 18-ஆம் வசனத்தில்தான் தொடங்குவேன். வலியோடு படுத்திருப்பவர்களுக்கு இத்தனை பெயர்களை வாசிப்பதால் என்ன பிரயோஜனம் என்று எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு தாய்.

அவர் காசிமேட்டுப் பக்கம் கருவாடு காயப்போடும் வேலை செய்தவர். பிரசவத்திற்கு வந்தபோது கூட வந்தது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரே; துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். கேஸ் ஷீட்டில் கணவர் பெயர் என்ற இடம் காலியாகவே இருந்தது. உடன் வந்தவர் என்ற இடத்தில் பெரியவர் கைநாட்டு வைத்தார். மறுநாள் நான் கட்டிலருகே போனபோது அந்தத் தாய் கேட்டார்: "அப்பா பேரு இல்லாத புள்ளைக்கு ஜெபம் பண்ணுவீங்களா ஐயா? இதுக்கு இனிஷியல் என்னன்னு போடுவேன்?"

ஜெபித்தேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அது என்னை உறுத்தியது. இரவு வேதத்தைத் திறந்தபோது, நான் தாண்டிப்போகிற அந்த வசனங்களிலேயே பதில் இருக்கக் கண்டேன்.

இஸ்ரவேலருக்கு வம்ச அட்டவணை மிகவும் முக்கியமானது. ஆசாரிய ஊழியத்திற்கு அதுவே ஆதாரம். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களில், அட்டவணையில் தங்கள் வம்சத்தைக் காட்ட முடியாத சில ஆசாரியக் குடும்பங்கள் ஊழியத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டதை எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

மத்தேயுவும் ஓர் அட்டவணை எழுதுகிறார். மூன்று பதினான்கு தலைமுறைகளாக அதைப் பிரிக்கிறார். எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 14 வரும். இது ராஜ வம்சம் என்று காட்டுகிறார். ஆனால் அதில் யாரைச் சேர்க்கிறார்? சாராளும் ரெபெக்காளும் அதில் இல்லை. மாமனாரால் பிள்ளை பெற்ற தாமார் இருக்கிறாள். எரிகோவின் வேசி ராகாப் இருக்கிறாள். பத்துத் தலைமுறையானாலும் சபைக்கு உட்படலாகாது என்று நியாயப்பிரமாணம் விலக்கிய மோவாபியரில் ஒருத்தியான ரூத் இருக்கிறாள். உரியாவின் மனைவி என்று சொல்லி, தாவீதின் பாவத்தையும் மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இன்னான் இன்னானைப் பெற்றான் என்று வரிசையாக வந்த வாக்கியம் யோசேப்பிடம் நின்றுவிடுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று எழுதப்படவில்லை. அவர் மரியாளின் புருஷன் மாத்திரமே. ஆனாலும் தேவதூதன் சொன்னபடி பிள்ளைக்குப் பெயரிட்டு, தன் குமாரனாக ஏற்றுக்கொண்டார். தாவீதின் வம்சத்தில் நம் ஆண்டவருக்கு இடம் அப்படித்தான் கிடைத்தது. நம் வழக்கில் சொன்னால், யோசேப்பு தம் இனிஷியலைக் கொடுத்தார்! லூக்காவோ அந்த வரிசையை ஆதாம் வரைக்கும், தேவன் வரைக்குமே கொண்டுபோகிறார். அதற்குப் புறம்பான மனிதன் யார்?

நம் தமிழ்ச் சுவிசேஷ சபையின் அட்டவணையைப் பாருங்கள். 1707-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனியரிடம் அடிமைகளாயிருந்தவர்கள். நம் முன்னோர் அவர்களே. அப்படியிருக்க, பெண் பார்க்கப் போனால் "என்ன ஆளுங்க?" என்று இன்னும் விசாரிக்கிறோமே, நமக்கு வெட்கமில்லையா? முடிவில்லாத வம்சவரலாறுகளில் மனம் வைக்கலாகாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இப்படிப்பட்ட பெருமை பேசுகிற நமக்கும் பொருந்தும்.

மறுநாள் காலை அந்த வார்டில் 17 வசனங்களையும் வாசித்தேன். பிறகு அந்தத் தாயிடம் போய் யோசேப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்ற பெரியவர்தான், "என் பேரைப் போட்டுக்கோம்மா, தாத்தா பேரா இருக்கட்டும்" என்றார்.

திருமணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே, தன் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒரு கை வேண்டுமே! அதைச் சட்டம் கொடுக்க முடியாது.

பிரியமானவர்களே, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து குடியேறினவர்கள் உண்டு. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவருமின்றி நம் வாசலுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். நீங்கள் அனுப்புகிற காணிக்கை, "நாங்கள் இருக்கிறோம்" என்று அவர்களுக்காகப் போடப்படும் கையெழுத்து. அதை மனமுவந்து போடுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

நம்மையும் தம் குடும்பத்தில் சேர்த்துக்கொண்ட கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.