நமக்கென ஓர் ஏடு



1907-ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். விலை காலணா! சாதிக் கொடுமையைச் சாட, பிறர் ஏட்டில் இடம் வரட்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. 1914-இல் மறையும்வரை எழுதினார்.

சுள்ளிக்கல்லில் நாமும் ஒரு கையெழுத்து ஏடு தொடங்க எண்ணியுள்ளோம். கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் ஒலிக்கும் மட்டாஞ்சேரிப் பக்கத்தில் நம் தமிழும் பழைய குரலே. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்கள் எனச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடியினரின் வழியினர், கோட்டைக் கொச்சித் தோபிகானாவில் இன்றும் உழைக்கின்றனர். இவ்வூரில் நமக்கு மூத்தவர்கள் அவர்கள். ஆயினும் நம் ஆண்டுவிழா மேடையில் அவர்களை என்றேனும் அமர்த்தினோமா? வெட்கத்தோடுதான் கேட்கிறோம். முதல் இதழின் முதற்பக்கம் அவர்களுடையது. அவர்கள் சொல்லச் சொல்ல, நம் பிள்ளைகள் எழுதட்டும். தாள் வாங்கியாயிற்று.