உடன்படிக்கையும் உண்மை அளவும்



பாகூர் ஏரி நிரம்பியதா என்பதைப் பங்காரு வாய்க்காலில் எத்தனை நாள் நீர் வந்தது என்னும் ஏட்டுக் கணக்கைக் கொண்டு ஊரார் முடிவு செய்வதில்லை. கலிங்கல் வழிந்ததா என்று நேரில் கண்டே தெளிவர். புவி வெப்பமாதலைத் தடுக்க எழுந்த உலக உடன்படிக்கைகளையும் இவ்வாறே அளந்து பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து.

1997இல் கியோட்டோ நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. தொழில்வள நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்தில், பசுமைக்குடில் வாயுக்களை 1990ஆம் ஆண்டின் அளவினும் சராசரியாக 5 விழுக்காடு குறைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இறுதிவரை நிலைத்து நின்ற நாடுகள் கூட்டாக அவ்விலக்கை எட்டின. ஆயினும் 1990க்கும் 2012க்கும் இடையில் உலகின் கரியமில வாயு உமிழ்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. காரணம் யாது? சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது மூடிய ஆலைகளின் குறைவும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. அமெரிக்கா ஒப்புதல் அளிக்கவில்லை. பல பொருள்களின் உற்பத்தி, இலக்கு விதிக்கப்படாத நாடுகளுக்குப் பெயர்ந்தது. தளை தட்டாத வெண்பாவில் பொருள் நில்லாமற்போவது போன்றது இது.

நம் நாட்டுக் கணக்கையும் நடுநிலையோடு நோக்குவோம். 2005க்கும் 2019க்கும் இடையில், உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எழும் உமிழ்வு 33 விழுக்காடு குறைந்ததாக இந்தியா அறிவித்தது. மொத்த உமிழ்வோ அதே காலத்தில் உயர்ந்தது. இரண்டும் மெய்யே. ஆள்வீத உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லாத நாட்டிற்கு இவ்வளவுகோல் முறையானதே. எனினும் ‘குறைந்தது’ என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், எது குறைந்தது, எதனோடு ஒப்பிடக் குறைந்தது என வினவுதல் வேண்டும்.

உடன்படிக்கைகள் அனைத்தும் வீண் என்பாரும் உளர். அவர்கள், உடன்படிக்கை இல்லாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணுவதில்லை. 2015இல் பாரிசு உடன்படிக்கை ஏற்கப்பட்டபோது, அன்றைய கொள்கைகளின்படி 2030க்குள் உமிழ்வு 16 விழுக்காடு கூடும் என மதிப்பிடப்பட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் அது 3 விழுக்காடாகச் சுருங்கியது. சூரியத் தகடுகளின் விலை வீழ்ச்சிக்கும் இதில் பங்குண்டு. உடன்படிக்கையின் பங்கைத் தனியே பிரித்தல் எளிதன்று.

எனவேதான் ஏட்டுக் கணக்கோடு காற்றையும் அளத்தல் வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் எழுந்தது மாண்ட்ரியல் உடன்படிக்கை. அது தடைசெய்த வாயு ஒன்று மீண்டும் வெளியிடப்படுவதை 2018இல் காற்றை அளந்த ஆய்வாளர் கண்டறிந்தனர்; மறு ஆண்டில் கிழக்குச் சீனத்தைச் சுட்டினர்; பின்னர் அவ்வுமிழ்வு தணிந்தது. எந்நாட்டு ஏட்டிலும் இல்லாத செய்தியைக் காற்று சொல்லிற்று.

பாவலர் பெருமக்களே, மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் முதலில் இழப்பவர் வில்லியனூர், பாகூர் உழவரே. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அறியும் செவி உங்களுடையது. உலக மாநாட்டு அறிக்கைகளையும் அச்செவியால் கேட்டு, ஊரார்க்கு எடுத்துரையுங்கள் என வேண்டி அமைகிறேன்.