பையைப் பார்க்கும் கோடு, ஆளைப் பார்க்கும் கோடு



இந்தக் கடலூர்க் கூட்டத்துக்கு இலக்கிய வட்ட நண்பர்கள் 'நாடும் எல்லையும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் இன்று காலை வந்த பேருந்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் ஏறினேன். வளவனூர், தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தது, புதுச்சேரி. திருபுவனை, அதுவும் புதுச்சேரி. கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. அரியூர், மறுபடி புதுச்சேரி. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் வளவனூரில் கண்ணை மூடியவர் வில்லியனூரில்தான் திறந்தார். மூன்று முறை எல்லை தாண்டியது அவருக்குத் தெரியாது. அங்கிருந்து பேருந்து மாறிக் கடலூர் வந்தேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடி. அங்கே எதைத் தேடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! பையைப் பார்ப்பார்கள். ஆளைப் பார்த்து, "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால், இதே கோட்டில் ஆளைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1908-இல் பாரதி சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போனார். 1910-இல் அரவிந்தர் போனார், வ.வே.சு. ஐயர் போனார். ஏன் போனார்கள்? வெள்ளைக்காரனுடைய பிடிவாரண்டு அந்தக் கோட்டோடு செத்துப்போகும். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் சட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். மண் ஒன்று, மொழி ஒன்று, தென்னை ஒன்று. அதிகாரம் மட்டும் வேறு. இதைத்தான் அரசியல் புவியியல் 'இறையாண்மை' என்கிறது. ஓர் அரசின் ஆணை எதுவரை செல்லுமோ, அதுவரைதான் அந்த அரசு. பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில், பாரதி கோட்டைத் தாண்டி வந்தார். வந்த உடனே பிடித்து எங்கே வைத்தார்கள்? இதே கடலூர்ச் சிறையில். மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். இறையாண்மை என்ற சொல்லுக்கு உங்கள் ஊரை விடப் பெரிய அகராதி எனக்குத் தெரியாது.

சரி, நாடு என்றால் என்ன? 1933-இல் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டுக்கு நான்கு கால் வேண்டும் என்றது அது. நிலையாக வாழும் மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி. நான்கில் மக்களை முதலில் எழுதினார்கள், நிலத்தை அடுத்து எழுதினார்கள். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாகப் போயிருக்கிறது.

எல்லை எப்படிப் பிறக்கிறது? நம் ஊரில் பங்காளிகள் நிலம் பிரிக்கிறார்கள் இல்லையா, அதே வேலைதான். முதலில் உட்கார்ந்து பேசிப் பத்திரம் எழுத வேண்டும். நாடுகளுக்கு அது உடன்படிக்கை. அடுத்து, படத்தில் கோடு போட வேண்டும். மூன்றாவது, சர்வேயர் சங்கிலியோடு வந்து நிலத்தில் கல் நட வேண்டும். நான்காவது வேலைதான் கடினமானது. கல்லுக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் தினமும் குடித்தனம் நடத்த வேண்டும். முதல் மூன்றுக்கும் அதிகாரிகள் போதும். நான்காவதற்கு மனசு வேண்டும்.

இந்த நான்காவது வேலையை மறந்தால் என்ன ஆகும்? உங்களை வங்காளத்துக்கு அழைத்துப் போகிறேன்.

வடக்கு வங்காளத்தில் கூச் பிஹார் என்று ஒரு சமஸ்தானம். அதன் தெற்கே முகலாயரின் ரங்க்பூர். கூச் பிஹாரின் சில ஊர்கள் ரங்க்பூருக்குள் கிடந்தன, ரங்க்பூரின் சில ஊர்கள் கூச் பிஹாருக்குள் கிடந்தன. ராஜாவும் ரங்க்பூர் அதிகாரியும் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பணயம் வைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். நடந்தது அவ்வளவு சுவையானதல்ல. முகலாயரோடு நடந்த சண்டை 1713-இல் உடன்படிக்கையோடு முடிந்தபோது, யார் கையில் எந்த ஊர் இருந்ததோ அது அவருக்கே என்று விட்டுவிட்டார்கள். அந்தத் துண்டு நிலங்களுக்குச் சிட்மஹல் என்று பெயர். நம் பேச்சில் நிலத்திட்டு எனலாம். இருநூறு ஆண்டுக்கு மேல் அதனால் யாருக்கும் தலைவலி இல்லை. இந்த ஊர்க்காரன் இவருக்கு வரி கட்டினான், பக்கத்து ஊர்க்காரன் அவருக்குக் கட்டினான். சந்தை ஒன்று, கிணறு ஒன்று.

பிறகு 1947 வந்தது. லண்டன் வழக்கறிஞர் ராட்கிளிஃப், அதற்கு முன் இந்தியாவில் கால் வைக்காதவர், ஜூலை 8 அன்று வந்து இறங்கினார். பஞ்சாபையும் வங்காளத்தையும் வகுந்து முடிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். சுதந்திரம் ஆகஸ்ட் 15. கோடு எங்கே என்று மக்களுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் 17. இரண்டு நாள், தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே கொடி ஏற்றிய ஊர்கள் இருந்தன! சமஸ்தானங்களைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் சிட்மஹல்கள் கிடந்தபடியே கிடந்தன. ரங்க்பூர், பின்னாளில் வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. 1949-இல் கூச் பிஹார் இந்தியாவுடன் சேர்ந்தது. நேற்று வரை வரிக்கணக்காக இருந்த வரப்பு, ஒரு கையெழுத்தில் இரண்டு நாடுகளின் எல்லையானது.

162 திட்டுகள். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51. இதில் தஹாலா கக்ராபாரி என்று ஒரு துண்டு. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், சணல் விளைகிற வயல். இந்திய வயல். அதைச் சுற்றி வங்கதேச ஊர். அதைச் சுற்றி இந்திய ஊர். அதையும் சுற்றி வங்கதேசம். வெங்காயம் உரிப்பது போல நாட்டை உரிக்க வேண்டும்! அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு வங்கதேச விவசாயி. காலையில் ஏர் ஓட்டப் போனால் இந்தியா, கஞ்சி குடிக்க வந்தால் வங்கதேசம்.

சிரித்துவிட்டோம். இனிமேல் சிரிக்க முடியாது. 1952-இல் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. திட்டில் இருப்பவன் விசா வாங்க வேண்டுமானால் தன் நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் அடுத்த நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். மிதிக்க விசா வேண்டும். மின்சாரக் கம்பி தலைக்கு மேல் போகும், வீட்டுக்குள் வராது. திருட்டுப் போனால் புகார் கொடுக்கக் காவல் நிலையம் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதற்காக, வேறொருவர் பெயரைப் புருஷன் பெயராகச் சொன்னார்கள். தாய்மார்களே, வலியோடு போகிற நேரத்தில் கட்டிய கணவன் பெயரை மறைக்க வேண்டி வந்ததே, அது எந்த வரைபடத்தில் தெரியும்?

இதைத் தீர்க்க எவ்வளவு நாள் ஆனது? 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பேசினார்கள். நாட்டின் நிலத்தைக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே ஒப்புதல் கொடுத்தது. நாம் 41 ஆண்டு எடுத்துக்கொண்டோம். இந்தியா கொடுப்பது 17,000 ஏக்கர், வாங்குவது 7,000 ஏக்கர், நட்டம் அல்லவா என்று வாதம். நிலத்தைக் கூட்டிக் கழித்தார்கள். மாண்டிவிடியோ வரிசையில் முதலில் இருந்த மக்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை.

கடைசியில் 2015-இல் நூறாவது திருத்தம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவு, போன 68 ஆண்டுக்கு 68 மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எந்த நாடு வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். இந்தியத் திட்டுகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 37,000 பேர். இந்தியாவுக்கு வருகிறோம் என்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தப் பக்கத்து வங்கதேசத் திட்டுகளிலிருந்து அந்த நாட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், குடியிருக்கும் வீட்டிலேயே நிஜப் பெயரோடு குடியிருக்க வேண்டும் என்பதுதான்.

அப்படியானால் கோணல் எல்லைதான் குற்றமா? பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே பார்லே என்று ஓர் ஊர். நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் 22 துண்டுகள். கோடு வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. வாசற்கதவு எந்தப் பக்கமோ, வீடு அந்த நாட்டுக்கு என்று வழக்கம் வைத்துக்கொண்டு பிழைத்துப்போகிறார்கள். நம் கண்டமங்கலமும் அரியூரும் அதைப் போலக் கோணல்தான். கோடு வளைந்திருந்தால் கெடுதல் இல்லை. கோட்டுக்குள் இருப்பவனை இரண்டு பக்கமும் 'எங்கள் ஆள் இல்லை' என்றால், நேர்க்கோடு போட்டாலும் அது சிறைதான்.

நம் கோணல் ஏன் வலிக்கவில்லை என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது தானாக நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18, வில்லியனூருக்குப் பக்கத்தில் கீழூரில், புதுச்சேரி முதலான பிரெஞ்சுப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இணைந்தது. ஒரு கல்லையும் பிடுங்கவில்லை, ஓர் ஊரையும் இடம் மாற்றவில்லை. பாரதியை மறித்த கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. அது கேட்கும் கேள்விதான் மாறியிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, வரைபடத்தில் ஓர் எல்லையைப் பார்த்தால், அது ஆறா மலையா என்று தேர்வுக்கு எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். அதோடு, அந்தக் கோட்டின் மேல் போகிற பேருந்தில் ஒருவர் தூங்கிக்கொண்டு போக முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வளவனூரில் கண்ணை மூடிய அந்தப் பெரியவரை வில்லியனூரில் எழுப்பியது நடத்துனர். இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று எழுப்பினார். வேறு எதற்காகவும் இல்லை.