குன்றா, தந்தையா?

தெப்ராவ் பெருமக்களே, புறநானூற்றின் 112ஆம் பாடல், பாரியை இழந்த இளமகளிரின் ஐந்தடிப் புலம்பல். அதனை இங்கு வாசித்தபோது, ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த முதியோர் பறிபோன பறம்புக்காகக் கலங்கினர், இளையோர் தந்தைக்காக. இரு சாராரையும் நாம் மறுக்கவில்லை. எனினும் சொல்வரிசையை நோக்குக. அன்றைய நிலவைச் சொல்கையில் முதலில் தந்தை, பின்னர்க் குன்று; இன்றைய நிலவைச் சொல்கையில் முதலில் குன்று, இறுதியில் தந்தை. நாவில் எழக் கடினமானதே கடைசியில் எழுந்தது என்பது நம் துணிபு. (உரையாசிரியர் எவரும் இதனை நமக்குக் கற்பிக்கவில்லை, வகுப்பில் ஒரு மாணவியே சுட்டினார்.) மேலும் அவர்கள் ‘நாம்’ என்னவில்லை, ‘யாம்’ என்றனர். கேட்போரை உட்படுத்தாத தன்மைப் பன்மை அது. கலங்கிய முதியோரும் இளையோரும் அதற்கு வெளியேதான் நிற்கிறோம்.