வீட்டின் ஆகச் சின்னப் பிள்ளையை நினைத்து வாங்குங்கள்

(தோட்ட மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடினால் பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம். இன்று அந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாம் எங்கே வாங்குகிறோம்? சம்பள நாளில் லயத்துக்கு வரும் வியாபாரியிடம், கோயில் திருவிழாக் கடையில், தீபாவளிக்கு டவுனுக்குப் போனால் நடைபாதையில். பல சாமானுக்குப் பெட்டியே கிடையாது. பெட்டி இருந்தாலும் அதில் தமிழ் எழுத்து இருக்காது. ஆனால் ஒரு படம் இருக்கும். வட்டத்துக்குள் 0-3 என்று போட்டு, ஒரு குழந்தை முகம் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்காதே என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் குறி நமக்குப் போதாது. பெரியவனுக்கு ஓர் அறை, சின்னவளுக்கு ஓர் அறை என்று இருக்கும் வீட்டுக்கு அது சரி. நம் லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஏழு வயது அண்ணனின் காரும் பத்து மாதத் தங்கச்சியும் ஒரே பாயில்தான் கிடக்கிறார்கள். நாம் மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில், கண் மங்கிய அம்மாயிதான் பார்த்துக்கொள்கிறார். அதனால் யாருக்கு வாங்கினாலும், வீட்டில் இருக்கும் ஆகச் சின்னப் பிள்ளையை நினைத்து வாங்குங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

ஓர் அட்டையில் ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வட்டமாக ஓட்டை போடுங்கள். அதற்குள் விழுகிற எந்தச் சின்னப் பொருளும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். பந்து என்றால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், அது உருண்டுபோய் அடைத்துக்கொள்ளும். அட்டையைக் கடைக்கே கொண்டு போங்கள். காரின் சக்கரத்தை இழுத்துப் பாருங்கள், பொம்மையின் கண்ணைத் திருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், காசு நம்முடையது. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் இதைவிட மோசம், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் தேயிலைக் கொட்டையும் இந்த ஓட்டைக்குள் விழும்.

தொண்டை அடைத்துவிட்டால்? பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு தோளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டுத் தட்டுங்கள். வராவிட்டால் திருப்பி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். ஒருவர் செய்யும்போது மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும், அது இலவசம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.

எனக்கு அதிகம் பயம் வட்டப் பற்றரியைக் கண்டுதான். பாட்டுப் பாடும் பொம்மை, மினுங்கும் மோதிரம், விளையாட்டு போன், இவற்றுக்குள் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான். பிள்ளை விழுங்கி அது உணவுக் குழாயில் நின்றுவிட்டால், எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்திலேயே சதையைச் சுட்டுவிடும். சக்தி தீர்ந்த பற்றரியும் சுடும். வெளியில் பார்த்தால் எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். தடிமன் என்று நினைத்து விட்டுவிடுவோம். தோட்ட டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே கிடையாது, ஆகவே அங்கே காத்திருக்க வேண்டாம். நேரே பெரிய வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறு பால் ஊட்டாதீர்கள்.

மேல் டிவிஷனில் இருந்து டவுனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மழை நாளில் அந்த இரண்டு மணி நேரமும் ரோட்டிலேயே போய்விடும். அதனால் பற்றரி மூடியில் ஸ்குரூ ஆணி இல்லாத சாமானை வாங்கவே வேண்டாம். நகத்தால் திறக்க முடிந்தால், பிள்ளையும் திறக்கும்.

பெயின்ட் விஷயமும் உண்டு. விளையாட்டுச் சாமானுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2013 முதல் விதித்திருக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உதிரும் பெயின்ட்டை மட்டும் பார்க்கலாம், உதிர்ந்தால் வேண்டாம்.

காசு கொடுத்து வாங்காத சாமானிலும் ஆபத்து இருக்கிறது. மருந்து அடித்த வெறும் கேனைக் கழுவிப் பிள்ளைக்குத் தண்ணி விளையாடக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் கேன் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. ஸ்டோரில் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நிர்வாகம், வெறும் கேனையும் கணக்குப் பார்த்துத் திருப்பி எடுக்கட்டும். எடுக்காமல் லயத்துக்குள் விடுவது நிர்வாகத்தின் குற்றம், தாயின் குற்றமில்லை.

டின் மீன் டப்பாவில் வண்டி செய்யும் பிள்ளைகளுக்கு விளிம்பை மடித்து அடித்துக் கொடுங்கள். பழைய சேலையில் துணிப் பொம்மை தைத்து, கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் போடுங்கள். சில்வர் தம்ளரும் அகப்பையும் கொடுத்துப் பாருங்கள், பத்து மாதப் பிள்ளை அரை நாள் தட்டிக்கொண்டிருக்கும். காதுதான் வலிக்கும்.

கடைசியாகப் பிள்ளைக் காம்பிரா. அங்கே இருக்கும் சாமானில் எத்தனை உடைந்து கிடக்கின்றன என்று நாம் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு தாய்மார், பொறுப்பாக இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொண்டு, அட்டையோடு போய்ப் பாருங்கள். உடைந்ததை அங்கேயே ஒதுக்கி, எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். புதுச் சாமானும், ஆபத்து நேரத்தில் உடனே தோட்ட வாகனமும் வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் துரையிடம் வைக்கும் கோரிக்கையோடு அந்தப் பட்டியலும் போகும். அட்டையும் அடிமட்டமும் கொண்டு வந்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கு ஒன்று வெட்டிக்கொண்டு போங்கள்.