அம்மாவின் நீலச் சேலை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார் என நினைத்திருப்பீர்கள். இன்று ஒரு சேலையைப் பற்றிப் பேசப் போகிறோம். 'போகிறோம்' என்பதற்குக் காரணம் உண்டு. இது இங்கே ஒரே வகுப்பில் படித்து, இப்போது கண்டியில் ஒரே வைத்தியசாலையில் வேலை செய்யும் மூன்று பேரின் கதை.

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் பிரிவில் ஒரு விருந்து. எல்லோரும் எழுபதுகளின் உடையில் வர வேண்டும் என்று வட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது சினிமாதான். பெல்பொட்டம், பெரிய புள்ளிச் சட்டை, பாதி முகத்தை மூடும் கறுப்புக் கண்ணாடி. இரவுக் கடமை முடிந்த ஒரு காலையில் தூக்கக் கண்ணோடு தலதா வீதி, கொழும்பு வீதி எல்லாம் கடை கடையாக ஏறி இறங்கினோம். கண்ணாடி மட்டும் கிடைத்தது.

பிறகு எங்களில் ஒருத்தியின் அம்மாவிடம் போனோம். அவரும் நம் கல்லூரியின் பழைய மாணவி. 1973இல் படிப்பை முடித்து, பின்பு ஆசிரியையானவர். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "இதைப் போட்டுக்கிட்டு சங்கக்கடை வரிசையில நின்னிருந்தா சனம் என்ன சொல்லியிருக்கும்?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பாணுக்கும் வரிசை. வெளிநாட்டுத் துணி கண்ணில் படுவதே அருமை. அக்காவின் வெள்ளைச் சீருடை தங்கைக்கு வரும். வளர வளரக் கீழ்மடிப்பை அவிழ்த்துவிடுவார்கள். எத்தனை முறை தோய்த்தாலும் பழைய மடிப்பின் கோடு போகாது. கோடுகளை எண்ணினால் அந்தச் சட்டை எத்தனை வருடம் உழைத்தது என்று சொல்லலாமாம். 1993இல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது மாணவிகளாக இருந்த எங்களுக்கு இது புதுக் கதை.

"டீச்சரானதும் என்ன உடுத்தினீங்க?" என்று கேட்டோம். உள்ளூர்க் கைத்தறி என்றார். ஆல்பத்தைப் பார்க்கலாமா என்றோம். ஆல்பம் இல்லை. 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்துவிட்டது. அவருடைய எழுபதுகளில் மிஞ்சியது ஒரே ஒரு சேலை, 1976இல் முதல் சம்பளத்தில் வாங்கிய நீலக் கைத்தறி. அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஓடி ஒளிந்த அன்று அதைத்தான் உடுத்தியிருந்தார்.

அதைப் போய் விருந்துக்குக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரே எடுத்து மடியில் வைத்தார். "இதைக் கட்டிக்கிட்டு ஓடினது ஒரு நாள். இதைக் கட்டிக்கிட்டு ஏழு வருஷம் படிப்பிச்சேன். அதை நினைச்சு உடுத்துங்க" என்றார்.

பழைய சேலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருத்தி, மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது விரித்து, நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். நாங்கள் இற்ற இடங்களுக்குப் பின்னால் மெல்லிய வொயில் துணி வைத்துக் கையால் தைத்தோம். ஊசி குத்தவில்லை. முழங்கை வரை கை வைத்த ரவிக்கை, மடிப்பு வைக்காமல் தொங்கவிட்ட முந்தானை, ஒற்றைப் பின்னல், கையில் சின்னக் கடிகாரம். அந்தச் சேலையை மகள் உடுத்தினாள். மற்ற இருவரும் புதுக் கைத்தறி வாங்கி அதே மாதிரி உடுத்தினோம். அம்மா சுற்றிப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தார்.

விருந்தில் பளபளப்புகளுக்கு நடுவே நாங்கள் மூவரும் பாடம் நடத்த வந்தவர்கள் போல இருந்தோம். "இதில் றெட்றோ எங்கே?" என்று இளம் டொக்டர் ஒருவர் கேட்டார். மடிப்புக் கோடுகளின் கதையைச் சொன்னோம். பக்கத்திலிருந்த சிங்களத் தாதி ஒருவர், "எங்கள் அம்மாவின் சட்டையிலும் அந்தக் கோடு இருந்ததாம்" என்றார். பரிசு பெல்பொட்டத்துக்குத்தான் போனது. எங்களுக்குக் குறையில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இங்கே எரிந்துபோன படங்களின் பிரதிகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்னிலோ சென்னையிலோ உங்கள் அலுமாரிகளில் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் வருடத்தையும், நிற்பவர்களின் பெயர்களையும் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

அந்த அம்மா தன் 1973ஆம் ஆண்டு வகுப்புப் படத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். இன்று இங்கே மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்.