வழி இருந்தால் வருவார்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க நிதியில் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, நுழைவாயில் வளைவுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் கொட்டகை போடலாம் என்றேன். "இப்ப யாருங்க சைக்கிள்ல வர்றாங்க? மரத்தடியில நாலு வண்டிகூட நிக்கலையே!" என்றார் நண்பர் ஒருவர். பஸ் கேட்டு மனு கொடுத்தாலும் இதே பதில்தான்: "அந்த ரூட்ல கூட்டம் இல்லையே." பஸ்ஸே போகாத ரோட்டில் கூட்டம் எப்படி நிற்கும்?

நம்ம பாலக்கோட்டையே பாருங்க. இங்கே தக்காளி மண்டி இருக்கிற தைரியத்தில்தான் சுற்றுவட்டார விவசாயி தக்காளி நடுகிறார். விற்க இடமில்லை என்றால் யார் நடுவார்? போக்குவரத்தும் அப்படித்தான்.

புதுக்கோட்டைக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தர ஊக்கம் கொடுத்தார். அதற்கு முன் கணக்கெடுத்திருந்தால், "கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் தேவையில்லை" என்றே முடிவு வந்திருக்கும். கற்றுக்கொடுத்த பிறகு நடந்தது வேறு. வேலைக்குப் போக, தண்ணீர் கொண்டு வர, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டத் தொடங்கினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்து, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையும் வாங்கினார்கள்.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதுவரை பயணிகளில் சுமார் 40 சதவீதமாக இருந்த பெண்கள், பிறகு 60 சதவீதத்தைத் தாண்டினார்கள். தேவை புதிதாக முளைக்கவில்லை. வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

கட்டிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. சென்னைப் பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 1997-ல் மயிலாப்பூர் வந்தது. ஆனால் நிலையத்துக்கு வந்து சேர வசதியான இணைப்புப் பேருந்து இல்லை. நிலையங்கள் வெகுகாலம் வெறிச்சோடிக் கிடந்தன. ஸ்பெயினின் செவில் நகரத்தில் வேறு மாதிரி செய்தார்கள். 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், ஒன்றோடொன்று இணைந்த தனி சைக்கிள் பாதைகளை ஒரே மூச்சில் போட்டார்கள். சைக்கிளே அரிதாக இருந்த ஊரில் அது பல மடங்கு பெருகியது.

ஆகவே கொட்டகை ஒரு தொடக்கம்தான். கூரை, பூட்டுப் போட வசதி, ஒரு காற்றடிக்கும் பம்பு இருக்கட்டும். கூடவே ஓசூர் சாலையில் லாரிக்குப் பயப்படாமல் ஓட்ட ஓரப்பாதையும், மாலை லேப் முடியும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் கேட்டு நாம் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மரத்தடியில் நிற்கிற சைக்கிளை எண்ணிவிடலாம். வழியில்லாமல் பிளஸ் டூவோடு நின்றுபோன தங்கையை எந்த மரத்தடியில் எண்ணுவது? அவள் நம் வருகைப் பதிவேட்டிலேயே இல்லையே! வளைவு அடுத்த ஆண்டும் கட்டலாம். அவளுக்கு அடுத்த ஆண்டு திரும்பி வராது.